ஒன்பதில் நின்ற கேமரா

என்னிடம் பத்து கேமராக்கள் இருந்தன. ஒன்றுகூட செல்போனுக்குள் இல்லை. எல்லாமே பிலிம் போட்டுப் படம் எடுக்கிற பழைய கேமராக்கள். தென்காசியில் என் வயதில், அதாவது பதினொரு வயதில், இப்படிப் பத்து வைத்திருக்கிற ஆள் நான் ஒருத்திதான். வேறு யாராவது இருந்தால் வந்து சொல்லட்டும். என் ஒன்பதாவது கேமராவைப் பரிசாகக் கொடுத்துவிடுகிறேன். அதில் கொஞ்சம் பூஞ்சை பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

என் பெயர் மிஸ்ரியா. முதல் கேமரா என் வாப்பாவுடையது. வாப்பா தோகாவில் வேலை பார்க்கிறார். எங்கள் தெருவில் ஒரு வீடு விட்டு ஒரு வீட்டில் யாராவது ஒருவர் அரபு நாட்டில் இருப்பார். அந்தக் காலத்தில் லீவுக்கு வருகிறவர்கள் போர்வை, தைலம், டார்ச் லைட்டோடு ஒரு கேமராவும் கொண்டுவருவார்களாம். பிறகு செல்போன் வந்தது. கேமராக்கள் பரணுக்குப் போய்விட்டன.

நான் வீடு வீடாகப் போய், "பரண்ல கேமரா கெடக்கா மாமி?" என்று கேட்பேன். அநேகமாகக் கிடக்கும்.

"ஊர்ல உள்ள குப்பையெல்லாம் நம்ம வீட்டுக்குத்தான் வழி கேட்டு வருது" என்பார் உம்மா. ஆனால் அலமாரியில் கேமராக்கள் மேல் தூசி படிந்தால் துடைத்து வைப்பதும் உம்மாதான்.

எனக்கு ஒரு நோட்டு உண்டு. கேமரா யார் வீட்டிலிருந்து வந்தது, எந்த ஊரில் வாங்கியது, என்ன கோளாறு, எல்லாம் அதில் எழுதி வைப்பேன். கேமராவின் தலையில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அதற்குள் ஓர் எண் தெரியும். எத்தனை படம் எடுத்தாயிற்று என்று அந்த எண் சொல்லும். பின்பக்கக் கதவைத் திறந்தால் அந்த எண் தானாக ஆரம்பத்துக்கு ஓடிவிடும். அதனால் கேமரா கைக்கு வந்ததும் நான் செய்கிற முதல் வேலை, எண்ணை நோட்டில் எழுதுவது.

இனி பதினொன்றாவது கேமராவின் கதைக்கு வருகிறேன்.

பக்கத்து வீடு ஷரீபுன்னிசா மாமியுடையது. ஜூன் மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை அங்கே வெள்ளையடிப்பு நடந்தது. சாரல் விழுகிற நேரத்தில் யாராவது வெள்ளையடிப்பார்களா? மாமி அடிப்பார். ஏனென்றால் மாமியின் கணவர் ரபீக் மாமா இன்னும் பதினெட்டு நாளில் சவுதியிலுள்ள தம்மாமிலிருந்து வருகிறார். லீவுக்கு இல்லை, கேன்சலில் வருகிறார். வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊர் திரும்புவதை எங்கள் தெருவில் அப்படித்தான் சொல்வார்கள்.

"ஏட்டி மிஸ்ரியா, இங்கன வா. ஒனக்கு ஒரு சாமான் வச்சிருக்கேன்" என்று மாமி சுவருக்கு மேலாகக் கூப்பிட்டார்.

போனேன். கறுப்பு உறைக்குள் ஒரு கேமரா!

"எங்கன இருந்துச்சு மாமி?"

"பரண்ல, பழைய குக்கருக்குள்ள. அதுக்குள்ள யாரு வச்சான்னு கேக்காத. நான்தான் வச்சிருப்பேன்."

வீட்டுக்கு ஓடினேன். உறையைக் கழற்றியதும் சிரிப்பு வந்துவிட்டது. இது என்னுடைய ஏழாவது கேமராவின் இரட்டைப் பிள்ளை! ஏழாவது கேமரா இசக்கிப்பாண்டி அண்ணாச்சி கொடுத்தது. அண்ணாச்சி இப்போது எங்கள் தெருமுனையில் ஆட்டோ ஓட்டுகிறார். அந்தக் காலத்தில் தம்மாமில் லாரி ஓட்டினார். ரபீக் மாமாவும் அவரும் ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள். ஒரே கடையில் ஒரே நாளில் கேமரா வாங்கியிருக்கிறார்கள்.

நோட்டில் எழுதினேன்: எண் 11. ஷரீபுன்னிசா மாமி வீடு. தம்மாம். பேட்டரி இடம் பச்சை பூத்திருக்கிறது. ஜன்னலில் 9.

ஒன்பது என்று நின்றால் உள்ளே பிலிம் இருக்கலாம். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் என் பத்து கேமராக்களில் மூன்றில் எண் இப்படித்தான் எங்கேயாவது சிக்கி நின்றது. எதற்குள்ளும் பிலிம் இல்லை. இதுவும் சிக்கினதுதான் என்று நினைத்தேன். பத்தைத் திறந்தவளுக்குப் பதினொன்று என்ன பெரிய விஷயம்?

டக்கென்று திறந்தேன்.

உள்ளே பிலிம் இருந்தது.

டக்கென்று மூடினேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எனக்கு நன்றாகவே சறுக்கிவிட்டது.

பிலிமுக்கு வெளிச்சம் ஆகாது. படம் எடுக்கும்போது கண் சிமிட்டுகிற நேரம் பட வேண்டும், அவ்வளவுதான். மற்றபடி வெளிச்சம் பட்டால் அதில் இருக்கிற படம் அழிந்துவிடும். கேமராவின் இடது பக்கத்தில் பிலிம் டப்பி இருக்கும். ஒவ்வொரு படம் எடுக்கும்போதும் பிலிம் டப்பியிலிருந்து வெளியே வந்து வலது பக்கச் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். நான் திறந்தபோது வலது பக்கம் பிலிம் சுற்றி இருந்தது. அப்படியென்றால் எடுத்த படம் எல்லாம் வெளிச்சத்தில் நின்றிருக்கிறது.

யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பொய் சொல்லக் கூடாது. மூன்று நிமிடம் யோசித்தேன். பிறகு கேமராவை எடுத்துக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனேன்.

"மாமி, நீங்க தந்த கேமராவுல பிலிம் இருக்கு..."

அதற்கு மேல் மாமி என்னைப் பேச விடவில்லை.

"என்னது? பிலிமா? ஏட்டி சஃப்ரின்! ஓடி வா! ஐந்தருவிப் படம் கெடைச்சிட்டு!"

சஃப்ரின் லாத்தா ஓடிவந்தார். அக்காவை நாங்கள் லாத்தா என்போம். லாத்தாவுக்கு இருபத்துநாலு வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எப்போதும் மெதுவாக நடக்கிறவர் அன்று சுண்ணாம்பு வாளியைத் தாண்டிக் குதித்து வந்தார். என் கையிலிருந்த கேமராவை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"அது என்ன படம் லாத்தா?"

"எங்க வாப்பாக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் லீவு. அதுவும் எப்பப் பாத்தாலும் வெயில் காலத்துலதான் கெடைக்கும். குத்தாலத்துக்குப் போனா வெறும் பாறையப் பாத்துட்டு வரணும். எனக்கு மூணு வயசா இருக்கும்போது, ஒரே ஒரு தடவை சாரல் நேரத்துல லீவு கெடைச்சிட்டு. எல்லாரும் ஐந்தருவிக்குப் போனோமாம். வாப்பா என்னையத் தோள்ல வச்சிக்கிட்டு அருவிக்குள்ள நின்னாவளாம். எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல மிஸ்ரி."

"அப்பவே ஏன் கடையில குடுத்துப் படத்தைக் கழுவல?"

இதற்கு மாமி பதில் சொன்னார். "இருபத்துநாலு படம் எடுக்கிற ரோலு. பதினஞ்சுதான் எடுத்தோம். பாதி ரோலை யாராவது கழுவக் குடுப்பாவளா? மிச்சத்தை அடுத்த லீவுல அருவியில எடுப்போம், மொத்தமாக் கழுவுவோம்னு உங்க மாமா வச்சிட்டாவ. அடுத்த லீவுக்கு வந்தா அருவியில தண்ணி இல்ல. அதுக்கடுத்த லீவுலயும் இல்ல. அப்புறம் செல்போன் வந்துட்டு. ரோலக் கழட்டி எங்கனயோ வச்சதாத்தான் நெனப்பு, எங்கன போச்சுன்னே தெரியல. அவுக தொலைச்சாவன்னு நான் சொல்லுதேன், நான் தொலைச்சேன்னு அவுக சொல்லுதாவ."

சொல்லிக்கொண்டே மாமி தம்மாமுக்கு வீடியோ கால் போட்டுவிட்டார். திரையில் ரபீக் மாமா தெரிந்தார். பின்னால் கட்டி முடித்த அட்டைப்பெட்டிகள் தெரிந்தன.

"பாத்தியா நிசா! நான் தொலைக்கல! இருபத்தோரு வருஷமா என்ன பேச்சுப் பேசுன!" என்று மாமா சிரித்தார். "சஃப்ரின், இப்ப நீயே பாப்ப. அருவியக் கண்டதும் நீ போட்ட அலறல் இருக்கே! நான் பாறை மாதிரி நின்னேன். நீ என் தலைமுடியப் பிடிச்சித் தொங்கின."

"நான் அலறவே இல்லன்னு நெனைக்கேன் வாப்பா."

"படம் வரட்டும், பாப்போம்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சொல்ல வந்ததில் பாதியைத்தான் சொல்லியிருந்தேன். மீதிப் பாதியையும் சொல்லத் திரைக்குப் பக்கத்தில் போனேன்.

"மாமா," என்றேன். "நான் பின்னாடிக் கதவத் திறந்துட்டேன். பிலிம்ல வெளிச்சம் பட்டுட்டு. படம் போயிருக்கும்."

வெள்ளையடிக்கிறவர் சுண்ணாம்பு மட்டையை நிறுத்திவிட்டார்.

"சரி மவளே, போனாப் போவுது. தெரியாமச் செஞ்சதுதான?" என்றார் மாமா.

"இல்ல மாமா. எண்ணைப் பாத்தேன். சிக்கினதுன்னு நெனச்சித் திறந்துட்டேன். தப்பு என் மேலதான்."

சஃப்ரின் லாத்தா என் தலையைத் தடவினார். "பரவாயில்ல மிஸ்ரி" என்று சொல்லி, கேமராவை என் கையில் தந்துவிட்டு அடுப்படிக்குப் போனார். டீ போடப் போகிறார் என்று நினைத்தேன். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பாத்திரச் சத்தம் கேட்கவே இல்லை.

எனக்கு அழுகை வந்தது. என் வாப்பாவும் லீவுக்குத்தான் வருவார். லீவில் ஒரு நாள் என்றால் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். நான் அப்படி ஒரு நாளை டக்கென்று திறந்து அழித்துவிட்டேன்.

கேமராவோடு வீட்டுக்கு வந்தேன். அழுதால் படம் திரும்பி வராது. அதனால் அழுகையை நிறுத்திவிட்டு நோட்டைத் திறந்தேன். 'பிலிம் இருந்தது. நான் கெடுத்துவிட்டேன்' என்று எழுதப் பேனாவை வைத்தேன். அப்போது மேலே எழுதியிருந்த வரி கண்ணில் பட்டது.

ஜன்னலில் 9.

ஒன்பதா? மாமி பதினைந்து படம் எடுத்ததாக அல்லவா சொன்னார்?

சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். "மாமி! பதினஞ்சு படம்தானா? நல்லா ஞாபகம் இருக்கா?"

"பிலிம வீணாக்கக் கூடாதுன்னு ஒவ்வொண்ணா எண்ணினதே நான்தான். பதினஞ்சுன்னா பதினஞ்சுதான்!"

மாமி எண்ணினால் தப்பாது. வெள்ளையடிக்கிறவர் எத்தனை டீ குடித்தார் என்றுகூட அவருக்குக் கணக்கு தெரியும்.

பதினைந்து படம் எடுத்திருந்தால் ஜன்னலில் பதினைந்து இருக்க வேண்டும். ஒன்பது ஏன் வந்தது? இருபத்துநாலில் பதினைந்து போனால்...

ஒன்பது!

இந்தக் கேமரா எடுத்த படங்களை எண்ணவில்லை. மிச்சப் படங்களை எண்ணுகிறது. நான் பிலிம் போட்டுப் பார்த்த வேறு எந்தக் கேமராவும் இப்படித் தலைகீழாக எண்ணாது. தலைகீழாக எண்ணுகிற கேமரா, பிலிமையும் தலைகீழாகச் சுற்றினால்?

யோசித்துக்கொண்டிருந்தால் தெரியாது. செய்து பார்த்தால்தான் தெரியும். அதற்குத்தான் இரட்டைப் பிள்ளை அலமாரியில் உட்கார்ந்திருக்கிறதே!

ஏழாவது கேமராவை எடுத்தேன். அதற்குள் நான் இதுவரை பிலிம் போட்டதே இல்லை. அதற்கு இரண்டு பேட்டரி வேண்டும். கடைக்குப் போக எனக்குப் பொறுமை இல்லை. ஹாலில் இருந்த கடிகாரத்திலிருந்து ஒன்று, அடுப்படிக் கடிகாரத்திலிருந்து ஒன்று. கைப்பழக்கத்துக்கு ஒரு கெட்டுப்போன ரோல் வைத்திருக்கிறேன். அதை உள்ளே வைத்துக் கதவை மூடினேன்.

கிர்ர்ர்ர்ர்...

மற்ற கேமராவில் ஒரு படத்துக்கு உண்டான பிலிம்தான் நகரும். இது நிற்கவே இல்லை. ஜன்னலில் எண்கள் ஒன்று, இரண்டு என்று ஏறிக்கொண்டே போயின. இருபத்துநாலில் வந்து நின்றது. மொத்தப் பிலிமையும் முதலிலேயே டப்பியிலிருந்து இழுத்து வலது பக்கம் சுற்றிவிட்டது!

இப்போது உம்மாவைப் பார்த்து ஒரு படம் எடுத்தேன். கிளிக். கிர்ர். ஜன்னலில் இருபத்துமூன்று. கதவைத் திறந்து பார்த்தேன். எடுத்த படம் டப்பிக்குள் போய்விட்டது. எடுக்காத பிலிம்தான் வெளியே நின்றது.

"உம்மா!" என்று கத்தினேன். "படம் போகல! போனது வெறும் பிலிம்தான்!"

"ஏட்டி, மணி இன்னும் நாலரைதானா? அப்பவே நாலரைதான இருந்துச்சு?" என்று உம்மா இரண்டு கடிகாரங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அதற்குள் மாமி வீட்டில் நின்றேன்.

"லாத்தா! இந்தக் கேமரா எடுத்த படத்த ஒவ்வொண்ணா டப்பிக்குள்ள இழுத்து வச்சிக்கிடும். நான் திறந்தப்போ வெளிய நின்னது எடுக்காத ஒம்பது. உங்க பதினஞ்சும் டப்பிக்குள்ள இருக்கு!"

லாத்தா என் கையைப் பிடித்தார். அந்தக் கை ஈரமாக இருந்தது. "நெசமாவா மிஸ்ரி?"

"நெசமா. ஆனா இருபத்தோரு வருஷம் ஆயிட்டு. நெறம் மங்கியிருக்கும். கடைசிப் படம் டப்பி வாசல்ல இருந்திருக்கும், அது மட்டும் சந்தேகம்."

இனி பிலிமை வெளியே எடுக்க வேண்டும். பேட்டரி இடத்தில் பூத்திருந்த பச்சையை ரப்பரால் தேய்த்துப் பார்த்தேன். மோட்டார் அசையவில்லை. சரி, கையால் சுற்றுவோம் என்று முடிவு செய்தேன். இந்தத் தடவை ஒரு துளி வெளிச்சத்தைக்கூட உள்ளே விடக் கூடாது.

"மாமி, வீட்டுல உள்ள அத்தனை போர்வையையும் கொண்டாங்க!"

தம்மாமிலிருந்து வந்த பெரிய போர்வைகள் நாலு வந்தன. கேமராவோடு நான் உள்ளே போனேன். மாமி ஓரங்களை அமுக்கிப் பிடித்தார். லாத்தா ஜன்னலைச் சாத்தினார். அந்த நேரம் பார்த்து இசக்கிப்பாண்டி அண்ணாச்சி ஏதோ கேட்க வந்தார்.

"பிள்ளைக்குக் காய்ச்சலா? ஆட்டோவ எடுக்கட்டா?" என்று அவர் பதறியது எனக்கு உள்ளேயே கேட்டது.

"ஷ்ஷ்! படம் எடுக்குதா!" என்றார் மாமி.

"போர்வைக்குள்ளயா?"

நான் பதில் சொல்லவில்லை. கதவைத் திறந்து, வலது பக்கச் சக்கரத்திலிருந்து பிலிம் நுனியை விடுவித்தேன். டப்பியின் தலையை விரலால் மெதுவாகத் திருகினேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அதே வேலையைக் கெட்டுப்போன ரோலில் நூறு தடவையாவது செய்திருக்கிறேன், விரலுக்குத் தெரியும். பிலிம் சரசரவென்று உள்ளே போனது. வியர்வையில் தொப்பலாக நனைந்து வெளியே வந்தேன். கையில் பிலிம் டப்பி இருந்தது.

விஷயத்தைக் கேட்டதும் அண்ணாச்சி துள்ளிவிட்டார். "ஐந்தருவிப் படமா? நானும் அப்ப லீவுல வந்திருந்தேம்லா? பாதிக்கு மேல நான் எடுத்த படமாக்கும்!"

சென்னையில் இன்னும் பிலிம் கழுவுகிற ஒரு கடை உண்டு. அதன் விலாசம் என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அண்ணாச்சி ஆட்டோவில் போய்க் கூரியரில் போட்டோம். "படத்தைக் கழுவி, செல்போனுக்கும் அனுப்புங்கள்" என்று ஒரு சீட்டும் எழுதி வைத்தேன்.

அதன் பிறகு ஒரு வாரம் போனது. இன்னொரு வாரமும் போனது. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் லாத்தா வாசலில் நின்று என்னைப் பார்ப்பார்.

"வரும் லாத்தா" என்பேன் நான். எனக்கும் சந்தேகம் வரும்போதெல்லாம் நோட்டைத் திறந்து அந்த ஒன்பதைப் பார்த்துக்கொள்வேன். எண் பொய் சொல்லாது.

மாமா வருவதற்கு முந்தின நாள் மாலை, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. அது லாத்தாவின் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. நான் சுவரேறியே குதித்துவிட்டேன்.

லாத்தாவின் செல்போனில் பதினைந்து படங்கள். எல்லாம் கொஞ்சம் செம்மண் நிறத்தில் இருந்தன. நாலு படத்தில் இசக்கிப்பாண்டி அண்ணாச்சியின் கட்டைவிரல் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. கடைசிப் படத்தில் ஒரு பாதி வெளுத்துப் போயிருந்தது. மற்றவையெல்லாம் பளிச்சென்று தெரிந்தன. குடைக்கடியில் ஒல்லியான மாமி. மாமி கையிலிருந்த சிப்ஸ் பொட்டலத்தைப் பறிக்கிற குரங்கு. அதைத் துரத்துகிற அண்ணாச்சியின் வேட்டி மட்டும் ஒரு படத்தில்.

ஏழாவது படம் வந்ததும் லாத்தா நிறுத்தினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் லாத்தாவைப் பார்த்தேன். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம்.

"இதை வாப்பா வந்ததும் காட்டுவோம். யார்ட்டயும் சொல்லாத" என்றார்.

மறுநாள் ரபீக் மாமா திருவனந்தபுரத்தில் இறங்கி, காரில் வந்து சேர்ந்தார். தலை நரைத்திருந்தது. வெள்ளையடித்த சுவரைத் தொட்டுப் பார்த்து, கை வெள்ளையானதும் மாமியிடம் திட்டு வாங்கினார். டீ குடித்து முடித்ததும் லாத்தா, காலையில் கடையில் போட்டு வாங்கிவந்த ஏழாவது படத்தின் பிரிண்டை அவர் கையில் கொடுத்தார்.

படத்தில் தண்ணீர் கொட்டுகிறது. மூன்று வயது சஃப்ரின் வாப்பாவின் தோளில் உட்கார்ந்து, இரண்டு கையையும் விரித்து, பல் தெரியச் சிரிக்கிறாள். கீழே ரபீக் மாமா கண்ணை இறுக மூடி, வாயைப் பிளந்து அலறிக்கொண்டிருக்கிறார்.

மாமா படத்தைத் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் திருப்பினார்.

"யாரு வாப்பா அலறுனது?" என்று லாத்தா கேட்டார்.

"தண்ணி... ரொம்ப ஜில்லுன்னு இருந்துச்சு மவளே" என்றார் மாமா சின்னக் குரலில். பிறகு, "நீ சிரிச்சிக்கிட்டா இருந்த? மேல பாக்க முடியலல்லா, எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். அந்தப் படத்தை அவர் வெகுநேரம் கீழே வைக்கவில்லை.

நான் கேமராவைத் திருப்பிக் கொடுத்தேன். மாமா வாங்கவில்லை. "அதோட எண்ணு என்னன்னு எழுதி வச்ச பிள்ளைட்டதான் அது இருக்கணும்" என்றார். அப்படித்தான் என் பதினொன்றாவது கேமரா நிரந்தரமாக எனக்கு வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி ஆட்டோவில் எல்லாரும் ஐந்தருவிக்குப் போனோம். நல்ல சாரல். மலை மேகத்துக்குள் இருந்தது. வழியெல்லாம் ரம்புட்டான் குவித்து வைத்திருந்தார்கள். ஏழாவது கேமராவில் புது ரோல் போட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றி, லென்ஸுக்கு மட்டும் ஓட்டை விட்டு, நான் கழுத்தில் மாட்டியிருந்தேன். ஜன்னலில் இருபத்துநாலு.

மாமாவும் லாத்தாவும் படியில் நின்றார்கள். பின்னால் ஐந்து அருவியும் சேர்ந்து கொட்டின. மாமி அவசரமாகத் தலைத்துணியைச் சரிசெய்தார். இந்தத் தடவை அண்ணாச்சியைக் கேமரா பக்கமே விடவில்லை. அவர் தலை நிறைய எண்ணெயோடு குளிக்கப் போகிற வழியில் நாலு படத்தில் நுழைந்துவிட்டார்.

பதினைந்து படம் ஆனது. ஜன்னலில் ஒன்பது.

மாமா கையை உயர்த்தினார். "போதும் மவளே. மிச்சத்த அடுத்த லீவுல..."

பாதியில் நின்றுவிட்டது பேச்சு.

"எந்த லீவு வாப்பா?" என்று கேட்டார் சஃப்ரின் லாத்தா.

மாமா லாத்தாவைப் பார்த்தார், அருவியைப் பார்த்தார். அவர் முகம் மெதுவாக மலர்ந்தது.

"ஆமா, என்ன? இனிமே லீவே கெடையாதுல்லா!" என்றார். "எடு மவளே! எல்லாத்தையும் எடு!"

எட்டு. ஏழு. ஆறு. ஐந்தாவதை ஒரு குரங்குக்குக் கொடுத்தேன், பரம்பரை உரிமை. கடைசி ஒன்றில் நான் அருவிக்கு முன்னால் நின்றேன். அதைத் தோகாவுக்கு, என் வாப்பாவுக்கு அனுப்ப வேண்டும், அடுத்த லீவைச் சாரல் நேரத்தில் கேளுங்கள் என்று எழுதி. ரபீக் மாமா எடுத்தார். அவர் கட்டைவிரலை லாத்தா பிடித்துக்கொண்டார்.

அன்று மாலையே ரோலைக் கழற்றினேன். கூரியர்க் கடை ஞாயிற்றுக்கிழமை லீவு என்பதால் திங்கட்கிழமை காலை கடை திறக்கும் முன்பே மாமா போய் வாசலில் நின்றார். நான் நோட்டை எடுத்து, ஏழாவது கேமராவுக்கு நேராக எழுதினேன்: ஐந்தருவி, இருபத்துநாலு படம். மிச்சம் ஒன்றும் இல்லை.